சைகை இல்லாத நாற்றம்

அம்மா ஒயினை ஒரு வாய் உறிஞ்சினாள். கன்னம் உப்ப வாய்க்குள் சுழற்றிவிட்டு, பக்கத்திலிருந்த வாளியில் துப்பினாள். கதவோரம் நின்ற மகளுக்குப் பயமாக இருந்தது.

துப்பியதற்காக அல்ல. ஒயினைச் சுவைத்துப் பார்க்கிறவர்கள் துப்பத்தான் செய்வார்கள். எந்த ஒயினோடு எந்தச் சாப்பாடு சேரும் என்று சொல்வதுதான் இந்த ஓட்டலில் அம்மாவுக்கு வேலை. ஆனால் போன மாதம் ஒரு காய்ச்சல் வந்து, அம்மாவின் மூக்கை அப்படியே மூடிவிட்டுப் போய்விட்டது. நாக்குக்குப் புளிப்பும் இனிப்பும் தெரியும். வாசனை மட்டும் சுத்தமாகக் கிடையாது.

விஷயம் வெளியே வந்தால் வேலை போகும். வேலையோடு, ஓட்டல் மாடியில் கொடுத்திருக்கும் வீடும் போகும்.

அதனால் இருவரும் சைகை பேசி வைத்திருந்தார்கள். ஊற்றிக் கொடுக்கும்போது மகள் முகர்ந்துகொள்வாள். அவள் காதைத் தொட்டால் சிப்பி, கழுத்தைத் தொட்டால் கோழி, ஜடையை இழுத்தால் புகையில் வாட்டிய மீன்.

"மாட்டிக்கிட்டா என்னம்மா பண்றது?" என்று காலையில்கூட மகள் கேட்டிருந்தாள்.

"மாட்டிக்கிட்டா பார்த்துக்கலாம். நீ பேன் கடிச்சாலும் ஜடையில கை வைக்காம நில்லு, அது போதும்" என்று அம்மா சிரித்தாள்.

இப்போது, சமையலறையை ஒட்டிய அறையில், அம்மாவுக்கு எதிரே முதலாளி உட்கார்ந்திருந்தார். சமையலறையில் அவருக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். "புது சரக்கும்மா. பிரெஞ்சு வெள்ளை ஒயின். விருந்துக்கு இதோட எதைப் போடலாம், சொல்லுங்க."

அம்மா ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தாள். மகளின் கை அசையவில்லை.

ஊற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். பாட்டிலின் கார்க் மூடி கெட்டு, ஒயினையும் கெடுத்துவிட்டது. கெட்டுப்போன பாட்டிலுக்கு என்ன சைகை என்று அவர்கள் பேசியே வைக்கவில்லை.

உள்ளே அடுப்பில் வெண்ணெய் கருகி, நெடி மகளின் மூக்கைத் துளைத்தது. சமையல்காரர் இருமிக்கொண்டே வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். முதலாளி முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இவ்வளவு யோசனை?"

"ஒண்ணுமில்ல சார்... எலுமிச்சை தெரியுது. பச்சை ஆப்பிள். மழையில நனைஞ்ச கல்லு மாதிரி ஒரு வாசனை. சிப்பியோட பிரமாதமா சேரும்."

தொலைந்தது! மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

முதலாளி கோப்பைக்குள் மூக்கை விட்டார். நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"அடடா! அதே எலுமிச்சை! ஆளைத் தூக்குதே! வெளியே முதல் மேஜையில முக்கியமானவங்க உட்கார்ந்திருக்காங்க. இந்தப் பாட்டிலையே எடுத்துட்டுப் போய் ஊத்துங்க."

அம்மா பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த மேஜையில் யாராவது ஒருவர் முகர்ந்தால் போதும், எல்லாம் முடிந்தது. மகள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"சார்... ஊத்தச் சொல்லாதீங்க சார்! அது கெட்டுப்போச்சு. நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறுது. அம்மாவுக்கு... அம்மாவுக்கு வாசனையே தெரியல சார்!"

"அடிப்பாவி!" என்றாள் அம்மா.

முதலாளி எழுந்தார். சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கிட்டே வந்தவரின் நெற்றி முழுக்க வியர்த்திருந்தது.

"மெதுவா பேசும்மா... உங்கம்மா மூக்கை நம்பித்தான், மூக்கு செத்த நானே பொழப்ப ஓட்டிட்டிருக்கேன்!"