கை இடுப்புக்குப் போனது

நஞ்சான் வாசல்படிக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கியிருந்தான். இடுப்பின் பின்பக்கம், கொக்கியில் கொடுவாள் தொங்கியது.

தென்னந்தோப்புக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை.

இரும்புக் கதவுக்கு வெளியே ஊரில் பாதி திரண்டிருந்தது. மரம் ஏறுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். நாலைந்து கைப்பேசிகள் வாசலைப் பார்த்து உயர்ந்திருந்தன.

நஞ்சானுக்கு மூன்று முறை ஆள் விட்டிருந்தார். வராமல் எங்கே போய்விடுவான் என்றுதான் நினைத்தார். இப்படி ஊரைக் கூட்டிக்கொண்டு வருவான் என்று நினைக்கவில்லை.

தீர்ப்பு வந்து இருபது நாளாயிற்று. விடுதலை. சொந்தபந்தம் வெடி போட்டது. மாலை விழுந்தது.

தோப்பில் மட்டும், வழக்கு தொடங்கிய நாளிலிருந்து ஒருவன் காலெடுத்து வைக்கவில்லை. முற்றிக் காய்ந்த நெற்று தானாக விழுந்து மோட்டார் அறையின் ஓடுகளை நொறுக்கியது. எல்லாம் தாத்தா வைத்த மரங்கள். தொரட்டி எட்டாது. ஆள்தான் ஏற வேண்டும்.

ஏறிக்கொண்டிருந்தவன் மாகாளி.

மாகாளி இந்த வாசலில்தான் விழுந்தான்.

வெறும் வாய்த்தகராறு. பக்கத்துத் தோப்பில் ஏறிவிட்டு இங்கே இரண்டு நாள் கழித்து வருகிறாயா என்று இவர் கேட்டார். நான் என்ன உங்க வீட்டு எருதா என்று அவன் கேட்டான். அந்தச் சொல் பொறுக்கவில்லை. காட்டுப்பன்றிக்காக உரிமம் வாங்கிய துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தது.

'அவன் கை இடுப்புக்குப் போனது. கொடுவாளை எடுத்தான். உயிருக்குப் பயந்து சுட்டேன்.'

கோர்ட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான். கை போனதும் கொடுவாளை எடுத்ததும் பொய் கிடையாது.

பொய் அந்தப் பயத்தில் இருந்தது. அடுத்த பதிலிலும் இருந்தது.

மரம் ஏறுகிறவன் ஒரு வீட்டு வாசலுக்குள் வந்தால், கொடுவாளைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவான். அது அந்தப் பக்கத்து வழக்கம். தெரியுமா என்று அரசு வக்கீல் கேட்டார்.

தெரியாது என்றார்.

பிறந்ததிலிருந்து பார்த்தவர். கூசாமல் சொன்னார். வழக்கம் உண்டு என்று சாட்சி சொன்னவர்கள் எல்லாம் மாகாளிக்கு மாமன், மச்சான். சொந்தக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று அது எடுபடாமல் போயிற்று.

அப்புறம் டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தற்காப்பா, கொலையா? நாலு கட்டத்தில் நாலு தலை. தென்னையை இளநீர் வண்டியில் மட்டுமே அறிந்த ஒரு மனிதர், கொடுவாளின் நீளத்தைப் பற்றிப் பத்து நிமிடம் முழங்கினார். வீட்டு வாசலில் ஆயுதத்தை எடுக்கிறவனுக்குப் பூவா போடுவார்கள் என்றார் இன்னொருவர். அதற்கு மட்டும் தோப்புக்காரர் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று சொன்னபோது டிவியையே அணைத்துவிட்டார்.

இப்போது அணைக்க முடியாத ஒருவன் எதிரே நின்றான்.

"ஏறறேனுங்க" என்றான் நஞ்சான். "அதுக்கு முன்னால உங்ககிட்டப் பேசோணுமுங்க. பேசோணும்னா கொடுவாளக் கழட்டி வெக்கோணும். கை இடுப்புக்குப் போகுமுங்க. போகலாமுங்களா?"

மரியாதையில் ஒரு குறை இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வை என்று சொன்னால், இடுப்புக்குப் போகிற கை எதற்குப் போகிறது என்று தெரியும் என்றாகிவிடும். இத்தனை கைப்பேசிகளுக்கு முன்னால்.

வைக்காதே என்றால், கொடுவாளோடு நிற்பவனைப் பார்த்து இவருக்குப் பயமே இல்லை என்றாகிவிடும்.

போடா என்றால் தோப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

நாய்க்கு எவன் சொல்லிக் கொடுத்தான் இதை?

எழுந்து போய் அறைய வேண்டும்போல் இருந்தது. துப்பாக்கி இன்னும் ஸ்டேஷனிலிருந்து திரும்பவில்லை என்பதும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. நினைவு வந்ததைப் பற்றி அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நஞ்சான் தூக்கிய கைகளை இன்னும் இறக்கவில்லை.

கதவுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மாகாளியின் பெண்டாட்டி நின்றாள். அவள் நஞ்சானைப் பார்க்கவில்லை. இவர் வாயையே பார்த்தாள்.

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவர் மனைவி. வழக்கு நடந்த மூன்று வருடமும் வக்கீல் அந்த அம்மாளைக் கோர்ட் பக்கமே வரவிடவில்லை. வெகுளி, உள்ளதை உள்ளபடி சொல்லிவைக்கும் என்று பயந்தார். இன்றைக்கு அவள் காதில் விழுந்தது நஞ்சானின் குரல் மட்டும்தான்.

"ஆரு, நஞ்சானா?"

அவர் சட்டென்று திரும்பினார். அதற்குள் மீதியும் வந்துவிட்டது.

"கொடுவாள எப்பவும்போலப் படியோரம் வெச்சுட்டு வா சாமி. தண்ணி கொண்டாறேன்."

வெளியே கைப்பேசிகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

நஞ்சான் கைகளை இறக்கினான். வலது கை இடுப்புக்குப் போனது. அவசரமே இல்லாமல் கொக்கியிலிருந்து கொடுவாளைக் கழற்றி, நாலு எட்டு நடந்து வந்து, படியோரம் வைத்தான். பத்து விரல்களையும் விரித்துக்கொண்டு பின்னால் போய் நின்றான்.

அவர் சுடவில்லை. பயப்படவும் இல்லை. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

சொம்போடு வாசலுக்கு வந்த பிறகுதான் அந்த அம்மாள் கூட்டத்தைக் கண்டாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். சொம்பிலிருந்து தண்ணீர் அவள் காலில் சிந்தியது.

மாகாளியின் பெண்டாட்டி கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டிக் கும்பிட்டாள்.

"அம்மா, அத இன்னொருக்காச் சொல்லுங்க."