பூட்டிய முதலுதவிப் பெட்டி

தையல் கம்பெனியில் பவுனக்காவின் விரலில் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. ரத்தத்தோடு ஓடிவந்து, சுவரில் இருந்த முதலுதவிப் பெட்டியைப் பிடித்தாள். பூட்டியிருந்தது.

"திறந்துவிடுடா," என்று பெட்டி பூட்டைக் கெஞ்சியது.

"சோதனைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தாத்தான் திறக்கணும். இப்ப திறந்தா முதலாளி என்னைக் குப்பையில போட்டுடுவாரு," என்றது பூட்டு.

"அவரு வருவாரு, பஞ்சு இருக்கு, மருந்து இருக்குன்னு எழுதுவாரு, போயிடுவாரு. இங்க மாட்டுன நாள்லேர்ந்து ஒரு கைகூட என்னைத் தேடி வந்ததில்ல. இன்னிக்குத்தான் ஒருத்தி வந்திருக்கா. அவளையும் அனுப்பிடாதடா."

பூட்டுக்கும் அந்தச் சுவரில் வேறு துணை கிடையாது.

பவுனக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டை இழுத்தாள்.

யார் இழுத்தாலும் விடாதே என்றுதான் முதலாளி பூட்டிடம் சொல்லிவைத்திருந்தார். பூட்டு விட்டுவிட்டது.