கண்குழியின் உட்சுவர்

மண்டையோட்டின் கண்குழிக்குள் எவரும் பேனாவை நுழைக்கக் கூடாது. விளக்குமாற்றின் ஈர்க்குச்சியால் மட்டுமே தொட்டுக் காட்ட வேண்டும். எங்கள் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர் அருளப்பன் அவர்கள் வகுத்தளித்த விதி இது. கண்ணையும் அதன் தசைகளையும் மூக்கிலிருந்து பிரிக்கும் உட்சுவர் வெங்காயச் சருகைவிட மெல்லியது. அதிகாரிகளுக்கே உரிய தமது பச்சை மைப்பேனாவைக் குழிக்கருகில் ஆட்டியபடியே இவ்விதியை அவர் விளக்குவது வழக்கம்.

அன்று எனக்கு மூன்றாவது வாய்மொழித் தேர்வு. இதிலும் தவறினால் கல்லூரியை விட்டு நீங்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையாரிடம், "மூணாவது தடவை மேடம். இந்தம்மாவுக்கும் உள்ள இப்படித்தான் காலியா இருக்கும்" என்று பேராசிரியர் மண்டையோட்டைத் தட்டிச் சிரித்தார். பின்னர் என்னிடம், "ஏம்மா தமயந்தி, எந்தச் சுவர் லேசுல உடையும்? தொட்டுக் காட்டு" என்றார்.

"உட்சுவர் சார்" என்று குச்சியை நீட்டினேன். தொடுவதற்குச் சுவர் இல்லை. ஓட்டைதான் இருந்தது.

"ஒடச்சிட்டியா! பத்து வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். நீயெல்லாம் மாடு மேய்க்கப் போயிருக்கலாம்ல?"

அம்மையார் மண்டையோட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். ஓட்டையின் விளிம்பெங்கும் பச்சை மை ஊறிக் காய்ந்திருந்தது. அவருடைய பார்வை பேராசிரியரின் சட்டைப்பைக்குச் சென்று அங்கேயே நின்றது.

நான் எழுந்து, ஈர்க்குச்சியை இரு கைகளாலும் பேராசிரியரிடம் பணிவுடன் நீட்டினேன்.

"இனிமே நீங்களும் இத வச்சுக்கங்க சார்."