எரருக்கு ஒரு வடிகால்

பத்து கம்ப்யூட்டரிலும் ஒரு எரர்கூட வரவில்லை. ஐந்தில் விண்டோஸ், ஐந்தில் லினக்ஸ். மயிலாடுதுறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சவரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

சென்னைக் கம்பெனி மேனேஜர் ஒவ்வொரு மாணவனாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் சரியென்றால் பத்துப் பேருக்கும் வேலை, அடுத்த வருடம் அமெரிக்கா. அவர் சரியென்று சொல்வதற்கு முன்பே வாசலில் வாழ்த்து பேனர் கட்டியாகிவிட்டது. நாலு பேர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோவும் எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் கதை வேறு. பெயர்ப் பட்டியலைப் படித்து, அதில் தவறு இருந்தால் சொல்லும் புரோகிராம்தான் பரீட்சை. பையன்கள் எழுதியது விண்டோஸில் ஒரு மாதிரியும் லினக்ஸில் இன்னொரு மாதிரியும் எரர் கக்கியது. பாடம் நடத்தும் எல்சி, ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தலாம் என்றாள்.

சவரியப்பனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மூன்று தலைமுறை விவசாயக் குடும்பம், வயலிலிருந்தே ஒரு வழி கண்டுபிடித்தார். எரர் எதுவும் திரைக்கு வராமல் எங்கேயோ போய்த் தொலையும்படி, இரண்டு வகை மெஷினுக்கும் தனித்தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

"வயல்ல தண்ணி நின்னா என்னம்மா செய்வோம்? வடிகால்ல விட்டுட வேண்டியதுதான்."

"விட்டுட்டா, தப்பு நடந்தாலும் நமக்குத் தெரியாதே சார்" என்றாள் எல்சி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பரீட்சையன்று அவளுக்குக் காபி கொடுக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் கையை வீசிக்கொண்டு வந்திருந்தார், ஃபைல் போட்டுத் தர ஒரு ஃபிளாப்பிகூட இல்லை. போர்டில் ஒரு ஃபைல் பெயரை எழுதி, அதிலுள்ள பட்டியலைப் படிக்கச் சொன்னார். பத்துத் திரைகளிலும் ஒரே மாதிரி பதில் வந்தது: படித்தாயிற்று, தவறு எதுவும் இல்லை.

எல்சியின் கையிலிருந்த காபியைச் சவரியப்பனே வாங்கி மேனேஜரிடம் நீட்டினார். சென்னையில்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தார்.

"பத்துமே படிச்சிடுச்சுங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

"ஒரு எழுத்து விடாம படிச்சிடுச்சுங்க."

மேனேஜர் காபியை வாங்கவில்லை.

"அப்படி ஒரு ஃபைலே கிடையாதுங்க."