பதிவாகாத பதினேழு பெட்டிகள்

இரண்டாவது அடியில் சிவபாண்டியின் முன்பல் தெறித்துத் தரையில் விழுந்தது.

"ஸ்கேன் பண்ணித்தாண்ணே லாரில ஏத்துனேன். பீப்புன்னு சத்தம் கேட்டுச்சுண்ணே."

"அப்ப கம்ப்யூட்டர்ல ஏன்டா ஏறல? பதினேழு பெட்டி மருந்த எங்கடா வித்த?"

கேட்டது கிடங்கு மேலாளர் அசோக்குமார். கையில் இரும்புக் குழாய். மூன்றாவது அடி முழங்காலில் விழுந்தது.

அந்த அறைக்கும் சர்வர் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். இந்தப் பக்கம் இருந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர் இசைவாணிக்கு ஒவ்வொரு அடியும் மேசை வழியாகக் கையில் அதிர்ந்தது. மூன்று வாரமாக சர்வர் இழுக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று அன்று காலைதான் அவளைக் கப்பலூர் கிடங்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஓடிப்போய் அந்த அறையின் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"உங்க வேலையப் பாருங்க மேடம்."

போலீசுக்குப் போன் செய்தாள். வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

இருபது நிமிடத்தில் ஒரு ஆளைக் கொன்றே போட்டுவிடலாம்.

திரும்பி வந்து கீபோர்டில் கை வைத்தாள்.

எந்தப் பெட்டியை ஸ்கேன் செய்தாலும் அந்தத் தகவல் முதலில் சர்வர் டிஸ்கில் இருக்கும் லாக் கோப்பில் எழுதப்பட வேண்டும். எழுதி முடித்தால்தான் அது பதிவு. கண் இமைப்பதற்குள் முடிகிற வேலை. இங்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாள்.

ஒரு பெட்டிக்கு நான்கு நொடி. அடுத்தது பதினான்கு நொடி.

ஸ்கேனர் பத்து நொடிதான் காத்திருக்கும். அதற்கு மேல் போனால் பதிவையே கைவிட்டுவிடும். பீப் சத்தம் மட்டும் முதலிலேயே வந்துவிடும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ முறிந்தது. "ஆத்தா!" என்று ஒரு அலறல்.

டிஸ்கை எது இப்படி அடைத்துக்கொண்டிருக்கிறது? தேடினாள். கிடைத்தது. திருட்டைப் பிடிக்க மூன்று வாரத்துக்கு முன்பு மாட்டிய பதினாறு கேமராக்கள். அத்தனையின் வீடியோவையும் லாக் கோப்பு இருக்கும் அதே டிஸ்கில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

சர்வரின் பிழைப் பட்டியலைத் திறந்தாள். எழுத முடியாமல் கைவிட்ட பதிவுகள் பதினேழு. ஒவ்வொன்றிலும் பெட்டி எண், லாரி எண், சிவபாண்டி என்ற பெயர்.

இசைவாணி நாற்காலியைத் தூக்கித் தடுப்பில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். மூன்றாவது அடியில் பிளைவுட் பிளந்தது. சிலாம்பு கையைக் கிழிக்க, உள்ளே நுழைந்தாள்.

சிவபாண்டி சுவரோரம் சுருண்டு கிடந்தான். இடது முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அசோக்குமார் ஓங்கிய குழாய் இறங்கியது. அவள் குறுக்கே விழுந்தாள். தோளில் நெருப்பு பட்டது போலிருந்தது.

"நாலு நாலு ஏழு ஒண்ணு!" என்று பெட்டி எண்ணைக் கத்தினாள். "நாலு நாலு ஏழு ரெண்டு! அம்புட்டையும் ஸ்கேன் பண்ணிருக்காரு. மெஷின்தான் எழுதல. போய் ஸ்கிரீனப் பாருங்க!"

அவன் குழாயை விடாமல் பிளந்த தடுப்பின் வழியே போனான். வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, சிவபாண்டி கிடந்த அறையின் மூலையிலிருந்த கேமராவைப் பார்த்தான்.

"மேடம், இன்னைக்கு ரெக்கார்டிங்க மட்டும் அழிச்சிருங்க."

"மாட்டேன்."

குழாய் மறுபடியும் உயர்ந்தபோது வெளியே போலீஸ் வண்டி வந்து நின்றது.

மதியம் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு வாசலில் சிவபாண்டியின் மனைவி முத்துச்செல்வி ஓடி வந்தாள். டாக்டரிடம் பேசிவிட்டு வந்தவள், தோளில் கட்டுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசைவாணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இல்லேன்னா எம் புருசனக் கொன்னே போட்டுருப்பாய்ங்கக்கா."

இசைவாணி கையை உருவிக்கொண்டாள்.

இதைச் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இவளுக்குத் தெரியப்போவதில்லை.

"நேத்து சாயங்காலம் எனக்கு அசோக்குமார் போன் பண்ணாரு" என்றாள். "பதினேழு பெட்டிக்குப் பதிவு இல்லையே, சிஸ்டத்துல தப்பு இருக்குமான்னு கேட்டாரு. நான் அப்ப பஸ்ல இருந்தேன். எதையும் பாக்கல."

முத்துச்செல்வி அவள் முகத்தையே பார்த்தாள்.

"இருக்காது சார், ஆளத்தான் விசாரிக்கணும்னு சொன்னேன்."