பேரில்லாத ஒற்றை ஸ்டார்

"அக்கா, அடுப்பை அணைச்சிட்டு ஓடியாங்க. நம்ம கடை முழுக்க சிவப்பு விழுந்திருக்கு."

முன்னறையில் லேப்டாப் 'டிங், டிங், டிங்' என்று நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. கோகிலவாணி கடைசி ஈடு நிப்பட்டை, அந்தப் பக்கத்துத் தட்டையை, எண்ணெயிலிருந்து அள்ளித் தட்டில் கொட்டிவிட்டு, மாவுக் கையோடு வந்தாள்.

மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீடு. பின்கட்டில் சமையல், முன்னறையில் ஆன்லைன் கடை. கூப்பிட்டது, கடையின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் சிநேகிதி அன்ஜும்.

"என்னடி ஆச்சு?"

"ஸ்ட்ரக்சர்டு டேட்டா எரர். பக்கத்துக்குப் பின்னாடி, கூகுள் படிக்கறதுக்குன்னு தனியா எழுதி வெச்சிருக்கோம்ல, விலை, ஸ்டாக், ஸ்டார்னு? அதை ஏத்துக்க மாட்டேங்குது. இப்பத் தேடிப் பாருங்க. நம்ம நிப்பட்டு விலையும் ஸ்டாரும் இல்லாம மொட்டையா நிக்குது. தீபாவளி ஆர்டர் அத்தனையும் வேற கடைக்குப் போயிரும்."

"எதனால?"

"விலையில 'ரூ.180/-'ன்னு கோடெல்லாம் இழுத்து வெச்சிருந்தீங்க. அதுக்கு வெறும் எண்ணு மட்டும்தான் வேணுமாம். அதைச் சரி பண்ணிட்டேன். ஸ்டார்தான் சிக்கல். விமர்சனம் எழுதினவங்க பேரு எங்கன்னு கேக்குது."

கடை தொடங்கியபோது பேர் கேட்க வேண்டாம் என்றவளே கோகிலவாணிதான். பேரைக் கேட்டால் நம்மூரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நாளைக்குச் சந்தையில் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று, 'நல்லாருக்கு' என எழுதிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவள் கணக்கு.

"சுலபமா முடிச்சிரலாம்க்கா. இருக்கறதை எல்லாம் தூக்கிட்டு, 'ஐஸ்வர்யா, பெங்களூரு, அஞ்சு ஸ்டார்'னு நானே நாலு எழுதி விட்டுடறேன். அந்த ஒரு ஸ்டார் ஆளும் ஒழிஞ்ச மாதிரி ஆச்சு."

அந்த ஆள் மாதம் தவறுவதில்லை. 'உப்பு பத்தல.' 'பலகை கனத்துல இருக்கு, பல்லு போச்சு.' 'வேர்க்கடலையை எண்ணி எண்ணிப் போட்டாளா?' எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ஸ்டார்.

"பொய்ப் பேர் போட மாட்டேன். நிஜமா வந்ததுல ஒண்ணையும் எடுக்கவும் மாட்டேன்."

"திட்டறதைக் கூடவா?"

"திட்டற வாய்க்கும் ஒரு பேர் இருக்குமில்ல? அதோட நிக்கட்டும். வாங்கினவங்களுக்கு மட்டும்தானே எழுதற லிங்க் போகுது? ஆர்டர்ல இருக்கற பேரை எடுத்துப் போடு."

"கேக்காம போடக் கூடாதுக்கா."

"அப்ப கேப்போம். முதல்ல அந்த ஒரு ஸ்டாரை எடு."

அன்ஜும் தட்டினாள். தட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெனச்ச மாதிரியே எல்லாம் ஒரே ஆளுதான்க்கா. மாது, டீக்கடை, கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்ட்."

கோகிலவாணி மேசைப் பக்கம் திரும்பினாள். மாதந்தோறும் அவளே கட்டி அனுப்பும் பார்சல். இந்த மாதத்துக்கானதும் மேசை மேல் தயாராக இருந்தது.

"அந்த டீக்கடை எங்கப்பா மண்டிக்கு நேர் எதிர்ல இருக்கு," என்றாள்.

மீதி அன்ஜுமுக்குத் தெரியும். பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, சொந்தமாகத் தொழில் செய்யக் கோகிலவாணி கிளம்பிய அன்று, புளி மண்டி குப்புராஜ் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொன்ன சொல் ஊருக்கே தெரியும்: "இவ கையால செஞ்ச பண்டம் என் வூட்டு வாசப்படி ஏறாது. ஏறினா நான் குப்புராஜ் இல்ல." அதன் பிறகு இரு பக்கமும் ஒரு போன் கிடையாது.

அந்த அப்பாவின் கண்ணெதிரிலேயே தன் நிப்பட்டு விற்கிறது என்ற வீம்பில்தான், மாதுவின் பார்சலில் மட்டும் எப்போதும் இரண்டு கூடுதலாக வைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"வாசப்படி ஏறாதுன்னாரு, சரி. இப்ப ஆள் வெச்சுத் திட்டச் சொல்லி, கடையவே மூட வெக்கப் பாக்கறாரா?"

"விடுங்கக்கா. விமர்சனத்தை எல்லாம் மொத்தமா எடுத்துட்டா எரரும் போயிரும், சண்டையும் போயிரும்."

"எரர் போகும். நான் பயந்துட்டேன்னு ஆயிரும். போனைக் குடு."

ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் டம்ளர்கள் உரசும் சத்தம்.

"யாருங்க?"

"மொரப்பூர் கோகிலவாணி பேசறேன். மாசா மாசம் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டறீங்களே, உங்க பேரைக் கடையில போடப் போறேன். சம்மதமாங்க?"

"பாப்பா, என் பேரு எதுக்கு? நான் எங்க திட்டினேன்?"

"எங்கப்பா சொல்லித்தானேண்ணா எழுதறீங்க? அவருகிட்டயே போய்ச் சொல்லுங்க. எத்தனை தடவை ஒரு ஸ்டார் போட்டாலும் ஒண்ணையும் அழிக்க மாட்டேன். கடையையும் மூட மாட்டேன். எல்லாத்தையும் பேரோட, ஊரே பாக்கற மாதிரி வெப்பேன்."

யாரிடமிருந்தோ தள்ளிப் போவது போலக் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு மாது குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் அதுல ஒண்ணுகூட தின்னதில்ல பாப்பா. வாசப்படி ஏறாதுன்னு சொன்ன சொல்லு மாறக் கூடாதுன்னு, உங்கப்பாருதான் என் பேர்ல வாங்கி, எங்கடை பெஞ்சுலயே உக்காந்து பொட்டலத்தைக் காலி பண்ணிட்டு, என் போனை வாங்கி உன்னைத் திட்டி எழுதிட்டு வூட்டுக்குப் போறாரு. இந்த மாசம் இன்னும் வரலையேன்னு காலையில இருந்து இங்கதான் உக்காந்திருக்காரு."