அரை வாளித் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை என் இரண்டாவது மகன், சாப்பிடப் பிடிக்காமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எனக்குச் சொன்னது இது.

நார் கலந்த சிமென்ட் பலகை வார்க்கிற பட்டறையில் அவன் மேற்பார்வையாளன். இரண்டு மாதமாக ஒரு பலகையும் உருப்படவில்லை. காயும்போதே சுருங்கி, மயிரிழை மயிரிழையாக விரிசல்.

ஈரச் சாக்கு போர்த்தினான். காற்று படாமல் படுதா கட்டினான். நாரைக் கூட்டிப் பார்த்தான். விரிசலும் கூடியதுதான் மிச்சம்.

"ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் பட்டறையை மூடிடுவேன்" என்றுவிட்டார் முதலாளி.

மறுநாளே கலவைக்காரர் என் மகனிடம் கையும் களவுமாக அகப்பட்டார். அளந்து ஊற்றிய தண்ணீருக்கு மேல் இன்னும் அரை வாளி சாய்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கூடினா சுருங்கும், வெடிக்கும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு மாசமா, சார்."

"ஏன்யா?"

கலவைக்காரர் வாளியைக் கீழே வைத்தார்.

பலகையைக் கரண்டியால் தேய்த்து மட்டம் செய்கிற பூச்சுக்காரர்தான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"சோம்பேறி! கிண்டக் கை வலிச்சா வீட்ல படுத்துத் தூங்கறதுதானே? உன்னால என் வேலைக்குல்ல கெட்ட பேரு! இவனை வெளியே அனுப்புங்க, சார்!"

"தப்பு என்னோடதுதான்" என்றார் கலவைக்காரர். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் கலவைக்குப் புது ஆள். ஒரு சொட்டுக் கூடாமல் அளந்த தண்ணீர். கலவை கெட்டியாக நின்றது.

பூச்சுக்காரர் கரண்டியை வைத்து இழுத்தார். நகரவில்லை. மூச்சைப் பிடித்து அழுத்தினார். வலது கையிலிருந்து கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

"என்னாச்சுண்ணே?"

"ரெண்டு மாசம் முந்தி இந்தக் கை இழுத்துக்கிச்சு, சார். வேலை போயிடுமேன்னு யார்கிட்டேயும் மூச்சு விடலை. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

குனிந்து கரண்டியை எடுக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை.

"அவன் ஊத்தின தண்ணியாலன்னு தெரியாம, கரண்டி வழுக்கிக்கிட்டுப் போகவும், கை குணமாயிட்டு வருதுன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, சார்..."

நீங்கள் கும்பிடுகிற நேரத்தில், வேலையில்லாமல் போன அந்தக் கலவைக்காரருக்காகவும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.